வழுக்கையாற்றில் ஏழு நாள்

பதினாறு கிலோமீட்டர் ஆற்றை
ஏழு நாளாக இழுத்தது நான்தான்.
கம்பனி நாட்கணக்கில் சம்பளம் தரும்.
அளவெட்டிப் பக்கம் தொடங்கி அராலியில் முடிகிற ஆறு;
சைக்கிளில் போனால்
மத்தியானச் சோற்றுக்கு வீட்டை வந்துவிடலாம்.

ஐப்பசி. மழை வாக்குக் கொடுத்ததோடு சரி.
வந்தவை ஆறுபேர்.
மலையை நம்பித் தைத்த சப்பாத்து,
ஆளுக்கு இரண்டு ஊன்றுகோல்,
நெஞ்சுவாரில் ஒரு விசில்.
வழி தவறினால் ஊதவாம்.
இஞ்ச வழி தவறினால்
ஆரேனும் ஒருத்தற்றை அடுக்களைக்குள்ளதான் போய் நிற்பியள் என்று
பிரெஞ்சில் சொல்ல
எனக்கு ஆறுமாத மாலை வகுப்புக் காணாது.

மூத்தவர் பாஸ்கால்.
தன் ஊரில் அவரும் வழிகாட்டி.
முப்பத்தொரு வருசம்
பச்சைத் தண்ணீர் ஓடும் ஒரு மலைப்பிளவுக்குள்
ஆட்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவர்.
முழங்கால் போனபிறகு
முதல்தரம் இன்னொருத்தியின் முதுகைப் பார்த்து நடக்கிறார்.
பழக்கமில்லை.
அடிக்கடி எனக்கு முன்னால் வந்துவிடுவார்,
வந்தது தெரிந்ததும்
சப்பாத்துக் கயிறு கட்டுவதுபோல் குனிந்து நிற்பார்.

"ஆறு எங்கே?"
கேட்டதும் அவர்தான், முதல்நாளே.
மதகைக் காட்டினேன்.
கீழே மூன்று கொக்கு, ஒரு மீன்பேணி,
ஒரு சாண் தண்ணீர்.
ஒருத்தரும் சிரிக்கவில்லை.
அதுதான் கஷ்டமாயிருந்தது.

கந்தரோடையில் ஆறு வயலுக்குள் இறங்கி
தான் ஆறு என்பதையே மறந்துபோனது.
நாங்கள் வரம்பில், ஒருவர்பின் ஒருவராய்.
ஓர்தான்ஸ் சேற்றில் ஒரு சப்பாத்தை விட்டாள்.
கிண்டி எடுத்த பெடியன்
முதலில் தன் காலோடு வைத்து அளந்துபார்த்தான்,
பிறகுதான் கொடுத்தான்.

சண்டிலிப்பாயில் தங்கின இரவு கரண்ட் நின்றது.
பாஸ்கால் கைபேசியில் தன் பள்ளத்தாக்கைக் காட்டினார்.
இரண்டு பக்கமும் செங்குத்துக் கல்.
முந்நூறு மீட்டர் என்றார்.
அடியில் ஆறு
சீலையில் பிரிந்த நூல்மாதிரி.
நான் படத்தைப் பெருப்பித்தேன்,
ஆற்றை விட்டுவிட்டுக் கல்லை மட்டும்.
அந்த வெள்ளை எனக்குத் தெரியும்.
எங்கட கிணறு வெட்டேக்க
வெடி வைத்துக் கிளப்பின அதே வெள்ளை.
அதே பொந்து. அதே சிப்பித் துண்டு.

விடிய ஆற்றை விட்டோம்.
அட்டவணையில் இல்லாத பயணம்,
வானுக்குக் காசு என் கையால்.
நிலாவரைக் கிணற்றுக் கட்டில் ஆறுபேரையும் குனியவைத்தேன்.
இரவு முழுக்கப் பாடமாக்கின வசனம் ஒன்று இருந்தது:
உங்கட கல்லைப் பிளந்து ஆறு ஓடுது,
எங்கட கல்லு ஆற்றை வாய்க்குள்ள வைச்சிருக்கு.
பாதி பிரெஞ்சில் வந்தது, மீதி கையால்.
மேலே நன்னீர், கீழே உவர்,
அதுக்கும் கீழே?
தோளைக் குலுக்கினேன்.
பாஸ்கால் ஒரு சின்னக் கல்லை எடுத்து
கண்ணால் அனுமதி கேட்டார்.
கூடாது என்றேன்.
கல்லைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டார்.
ஆனாலும் அவர் உதடு எண்ணிக்கொண்டிருந்தது,
விழாத கல்லுக்காக,
பதினேழு, பதினெட்டு.

ஆறாம் நாள் நவாலியில் மழை பிடித்தது.
வாய்க்கால் எது, வரம்பு எது?
எல்லாப் பக்கத்தாலும் வந்து சேர்ந்தது
ஒருவாரமாய் நாங்கள் தேடின ஆறு,
மண்நிறத்தில், முழங்காலளவில், அவசரமாய்.
ஓர்தான்ஸ் விசிலை ஊதினாள்.
தூரத்து வேலிக்குள்ளிருந்து
குடையும் சாரமுமாய் ஒருவர் எட்டிப்பார்த்து
"பஸ் இல்லைப் பிள்ளையள்" என்றார்.
காலால் தடவித் தடவி நடந்தேன்.
என் பை பின்னால் கனத்தது.
திரும்பினால்
பாஸ்கால் அதன் வாரைப் பிடித்தபடி,
என் அடி விழுந்த இடத்தில்
தன் அடியை வைத்துக்கொண்டு.

அராலியில் கடலேரி.
படம் எடுத்தார்கள். கட்டிப்பிடித்தார்கள்.
ஈரமான யூரோத் தாள்கள் தந்தார்கள்.
வான் ஏறும்போது எண்ணினால்
பதினொரு ஊன்றுகோல்தான் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை தேடிப்போனேன், சைக்கிளில்.
கந்தரோடை வரம்பில்
கைப்பிடிவரை சேற்றில் இறக்கி நட்டு
ஆடு கட்டியிருந்தது.
தக்கைப் பிடியை அது பாதி தின்றும்விட்டது.
சப்பாத்தை அளந்த அதே பெடியன் ஓடிவந்தான்.
திருப்பிக் கேட்கப்போகிறேன் என்று நினைத்திருப்பானாக்கும்,
முந்திக்கொண்டு அவன் கேட்டான்:

"அக்கா, மற்றக் கோல் எங்க?"